பூச்சியம் எடுத்த பிள்ளைக்கு

மகன்,

இந்தக் கடிதத்தை உன் மத்தியானச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன். மீன் குழம்பு வழிந்து இரண்டொரு எழுத்து அழிந்திருந்தால் அது என் பிழையல்ல, பெட்டியை நேராகப் பிடி என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒரே வீட்டில், ஒரு சுவர் தள்ளி இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே, கல்யாண வேலையில் மூளை குழம்பிவிட்டதோ என்று நினைக்காதே. நேரே சொல்லத் தொடங்கினால் நான் பகிடி விடுவேன், நீ சிரிப்பாய், அதோடு கதை முடிந்துவிடும். நம் இரண்டு பேருக்கும் அந்த வித்தை நன்றாகத் தெரியும். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. அதற்குள் ஒரு கதையை நான் சொல்லி முடிக்க வேண்டும்.

எந்தக் கதை என்று உனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் டிலானி வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, "அன்ரி, அந்தப் பூச்சிய மார்க்ஸ் கதையைச் சொல்லுங்கோவன்" என்று உனக்கு மனைவியாக வரப்போகிற டிலானியே கேட்டாள். என்னிடம் கதை கேட்பதும் சரி, சும்மா இருக்கிற மாட்டை அவிழ்த்துவிடுவதும் சரி. நான் எழுந்து நின்று, கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். அவளுடைய அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நீயும் சிரித்தாய். பிறகு தண்ணீர் எடுக்கவென்று எழுந்து குசினிக்குப் போனாய், கதை முடியும்வரை வரவில்லை. ஒன்பது வருடமாக நான் அந்தக் கதையில் பாதியைத்தான் சொல்லி வருகிறேன். மிச்சப் பாதி உன்னுடையது. பதினேழு வயதில் நீ எங்களை விட்டுப் போயிருக்கக்கூடும் என்பதும், உன் அம்மா அதைக் காணாமல் ஊரார் பிள்ளைகளின் மனதை அளந்துகொண்டு திரிந்தாள் என்பதும் அந்தப் பாதியில் இருக்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் அதைச் சொல்வதா, மறைப்பதா என்று நீ கிடந்து உழல்கிறாய் என்பது எனக்கு விளங்குகிறது. தீர்மானிக்க வேண்டியவன் நீதான். அதற்கு முன்னர் என் பக்கத்தை ஒரு தடவை முழுதாகக் கேள்.

முதலில் சிரிப்புப் பாதி. சாப்பாட்டு மேசையில் சொல்லும்போது உப்புப் புளி கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், இங்கே நடந்தபடியே எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையில் நான் படிப்பித்த, நீயும் படித்த அந்தக் கலவன் பாடசாலைக்கு ஒரு சுற்றுநிருபம் வந்தது. மாணவர் நலன் பற்றிய மூன்று நாள் பயிற்சிக்கு மனவியல் தெரிந்த ஆசிரியர் ஒருவரை அனுப்பிவைக்குமாறு கேட்டிருந்தார்கள். கேட்க நினைத்தது அதுதான். ஆனால் எந்தக் கந்தோரில் எந்தப் புண்ணியவான் தட்டெழுதினாரோ, அவருடைய விரலுக்கு மனவியலைவிட மனையியல் பழக்கமாக இருந்திருக்கிறது. "மனையியல் ஆசிரியர் ஒருவரை" என்று அடித்துவிட்டார். எங்கள் பாடசாலையில் சமையலும் தையலும் படிப்பிக்க இருந்தவள் நான் ஒருத்தி. ஒரு எழுத்துப் பிழையால் நான் மனநல ஆலோசகர் ஆனேன்.

மருதானையில் ஒரு மண்டபத்தில் பயிற்சி. நான் சமையல் குறிப்புக் கொப்பியும் அளவுக் கரண்டிகளும் எடுத்துக்கொண்டு போனேன். படிப்பித்தவர் ஒரு சிங்கள டொக்டர், நடுத்தர வயதுப் பெண், கஷ்டப்பட்டுத் தமிழ் படித்துக்கொண்டு வந்திருந்தார். சில பிள்ளைகளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போகும் என்றார். "கீரை, கறிவேப்பிலைச் சம்பல்" என்று எழுதினேன். தூக்கம் வராது என்றார். "பால், சூடாக" என்று எழுதினேன். காரணமில்லாமல் அழுகை வரும் என்றார். "இரும்புச்சத்து?" என்று எழுதி அடிக்கோடிட்டேன். மத்தியான இடைவேளையில் அவர் என் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு, "டீச்சர், வயிறு இல்லை. மனசு. மனசு" என்று தன் நெஞ்சில் தட்டிக் காட்டினார். எனக்கு வெட்கத்தில் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அவர் என்னைப் போக விடவில்லை. வீட்டில் பிள்ளை சாப்பிடாமல் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைப்பதை முதலில் காண்பது சமைக்கிறவள்தானே, நீங்கள் இருங்கள் என்றார்.

பயிற்சி முடிந்து ஒரு கட்டுக் கேள்வித்தாள்களைத் தந்துவிட்டார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை: ஒருபோதும் இல்லை என்றால் பூச்சியம், எப்போதாவது என்றால் ஒன்று, அடிக்கடி என்றால் இரண்டு, எப்போதும் என்றால் மூன்று. கூட்டுத்தொகை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பிள்ளை கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். அந்தத் தாளின் தமிழைத்தான் நீ பார்த்திருக்கிறாயே. "கடந்த இரு வாரங்களில் வாழ்வின்பால் ஈடுபாடு குன்றியதாக உணர்ந்தீரா?" காணி உறுதிப் பத்திரம் எழுதுகிறவர் மொழிபெயர்த்திருக்க வேண்டும். கடைசிக் கேள்வி மட்டும் நேரடியாக இருந்தது. தற்கொலை செய்யும் எண்ணம் வருவதுண்டா என்று கேட்டது.

அங்கேதான் எங்கள் பிரின்சிபல் குறுக்கே வந்தார். நல்ல மனிதர், ஆனால் சொற்களுக்குப் பயந்தவர். அதற்கு முந்திய வருட விளையாட்டுப் போட்டியில் ஒலிபெருக்கியில் "அடுத்ததாகக் குண்டு போடுதல்" என்று அவர் அறிவிக்க, மதிலுக்கு வெளியே காவலில் நின்ற ஆமிக்காரன், தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவன், துவக்கோடு மைதானத்துக்குள் வந்துவிட்டான். இரும்பு உருண்டையைத் தூக்கிக் காட்டி, இதுதான் அது என்று விளங்கப்படுத்தும்வரை ஒருவருக்கும் உயிர் இல்லை. அன்றிலிருந்து எங்கள் பாடசாலையில் அந்தப் போட்டிக்குப் பெயர் "இரும்புப் பந்து எறிதல்". அப்படிப்பட்டவர் கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "டீச்சர், இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு வராதேங்கோ. இல்லாத பிள்ளைக்கும் நாங்களே சொல்லிக் குடுத்த மாதிரிப் போயிடும்" என்றார். கேட்பதால் அந்த எண்ணம் ஒருவருக்கும் புதிதாக வராது, கேட்காமல் விட்டால்தான் பிள்ளை அதோடு தனியே கிடக்கும் என்று டொக்டர் மூன்று நாளும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன். இருந்தும் பிரின்சிபலுக்கு முன்னாலும் தலையாட்டினேன். எனக்கும் அந்தச் சொல்லைக் கண்டால் சிலுவை அடையாளம் போடத்தான் தோன்றும். அதை அழித்துவிட்டு, "அந்த எண்ணம் வருவதுண்டா?" என்று எழுதிப் பிரதி எடுத்தோம்.

பிள்ளைகள் எழுதிய விடைகளை நீ அறிவாய். யாராவது உங்களைக் கவனிப்பதாக உணர்கிறீர்களா என்ற கேள்விக்கு ஒருவன், "எப்போதும். சந்தியில் நிற்கும் ஆமி. பெயர் தெரியாது" என்று எழுதியிருந்தான். வெளியே போகப் பயமா என்றதற்கு, "ஐடென்ரி காட் இருந்தால் இல்லை." தூக்கம் கலைகிறதா, "சுற்றிவளைப்பு வந்தால் மட்டும்." எதிர்காலத்தில் நம்பிக்கை இருக்கிறதா, "மாமா ஸ்பொன்சர் பண்ணினால்." அடிக்கடி யோசனையாக இருக்கிறதா என்ற கேள்விக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் பெருமையோடு "எப்போதும்" போட்டிருந்தார்கள். ஒரு பெடியன் மட்டும் நேர்மையாக, "கணக்குப் பாடத்தில் இல்லை" என்று பக்கத்தில் எழுதியிருந்தான். கடைசிக் கேள்விதான் உச்சம். ஒரு பெண் பிள்ளை மேசைக்கு வந்து, "மிஸ், எந்த எண்ணம்?" என்று கேட்டாள். "உனக்கே விளங்கும்" என்றேன். முகமெல்லாம் சிவந்து, "அம்மாட்டச் சொல்லிப் போடாதேங்கோ மிஸ்" என்று கெஞ்சிவிட்டு, "எப்போதும்" என்று போட்டுவிட்டுப் போனாள். இன்னொருவன் சந்தேகத்துக்கு இடமில்லாமல் "கனடா போகும் எண்ணம், அடிக்கடி" என்று எழுதியிருந்தான். காதலும் கனடாவும் சேர்ந்து, தாளை நம்பினால் அரைவாசிப் பாடசாலையை அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

நான் அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டு வந்து திருத்தினேன். பழக்கதோஷம், சிவப்புப் பேனையால் கூட்டி, மேல் மூலையில் மொத்தத்தைப் போட்டு வட்டமிட்டேன். மறுநாள் அவற்றைப் பூட்டி வைக்காமல் ஸ்டாஃப் ரூமில், வழக்கமாகத் தவணைப் பரீட்சைத் தாள்கள் வைக்கும் அதே மேசையில் வைத்துவிட்டுத் தையல் வகுப்புக்குப் போனேன். வகுப்புத் தலைவர்கள் வந்தார்கள், சிவப்பு வட்டத்தைக் கண்டார்கள், எடுத்துப் போய்ப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பிள்ளை மனதைத் திறந்து எழுதியதை இன்னொரு பிள்ளை பார்க்கக் கூடாது என்பது முதல் நாள் முதல் பாடம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசும். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எங்கள் சனமல்லவா! மறுநாள் காலை வாசலில் நின்ற ஒரு தாய், "மிஸ், என்ர மகள் எல்லாப் பாடத்திலயும் முதலாவது. இதில மட்டும் என்னெண்டு ஏழு? பக்கத்து வீட்டுப் பிள்ளை இருபத்தொண்டு எடுத்திருக்கு!" என்றாள். "அது அப்பிடியில்லை அம்மா" என்று தொடங்கினேன். "இல்லை மிஸ், அவ கவனமில்லாமச் செய்திட்டா. திருப்பி ஒருக்கா எழுத விடுங்கோ, கூட்டி எடுப்பா" என்றாள். இருபத்தொன்று எடுத்த பிள்ளையின் தகப்பன் கேக் கொண்டு வந்து ஸ்டாஃப் ரூமில் பங்கிட்டார். அதே கிழமை, எங்கள் பிள்ளைகள் சிலர் போகும் வெள்ளவத்தை ரியூஷன் வகுப்பின் வாசலில் ஒரு பலகை தொங்கியது: "மனநலம் – மாதிரி வினாக்கள், விடைகளுடன்."

அந்த அமளிக்குள் உன் தாளும் வீட்டுக்கு வந்தது. மூலையில் வட்டத்துக்குள் பூச்சியம். தெருவில் என்னைக் கண்ட பெண்கள் எல்லோரும் துக்கம் விசாரிக்கத் தொடங்கினார்கள். "கவலைப்படாதேங்கோ டீச்சர், ஓ.எல் சோதினையில நல்லாத்தானே செய்தவர்" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அப்பா துறைமுகக் கந்தோரிலிருந்து வந்த கோலத்தோடு தாளைத் தூக்கிப் பிடித்து, "பேப்பர் செட் பண்ணினது தாய், திருத்தினது தாய், மகனுக்குப் பூச்சியம்! வெளியில சொன்னாச் சிரிப்பினம்" என்றார். பூச்சியம்தான் இதில் நல்லது என்று நான் விளங்கப்படுத்த, அவர் விளங்காமல் நிற்க, நாங்கள் சிரித்த சிரிப்பு. மேசைகளில் நான் இந்த இடத்தில்தான் கதையை நிறுத்துவேன். டீச்சரின் மகனுக்குப் பூச்சியம் என்றதும் எல்லோரும் கைதட்டுவார்கள். நீ தண்ணீர் எடுக்கப் போவாய்.

இனி நான் சொல்லாத பாதி. அந்தப் பூச்சியத்தை நான் நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, பெருமைப்பட்டேன். பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கிச் சேர்த்த தாள்களை டொக்டர் எடுத்துப் போக வந்தபோது உன்னுடையதை மேலாக வைத்தேன் என்பதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். ரியூஷன் பலகை, கேக், "கனடா போகும் எண்ணம்" எல்லாவற்றுக்கும் அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு உன் தாளைக் கையில் எடுத்தார். சிரிப்பு நின்றது. "மே ளமயா கவுத?" என்றார். இந்தப் பிள்ளை யார் என்று. "மகே புதா" என்றேன், என் மகன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுத் தன் தமிழில் மெல்லச் சொன்னார்: "டீச்சர், இந்த டைம்ல, கொட்டாஞ்சேனையில, தமிழ்ப் பிள்ளை, தூக்கம் நல்லம், பயம் இல்லை, கவலை இல்லை. எப்பிடி? நான் செய்தது, எனக்கே பதினொண்டு. இவர் உண்மை எழுத இல்லை. இவரைத்தான் முதல்ல பார்க்கணும்." எனக்கு வந்த கோபத்தை நீ கண்டிருக்க வேண்டும். என் பிள்ளையைப் பொய்யன் என்று சொல்ல நீங்கள் யார் என்று கேட்டேன். வீட்டுச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிற பிள்ளைக்கு இந்த வருத்தம் வராது என்றும் சொன்னேன். மூன்று நாள் பயிற்சி எடுத்தவள் சொன்ன வார்த்தை அது.

வீட்டுக்கு நடந்து வந்தேன். பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. இரண்டு மாதமாக நீ முட்டைப் பொரியலுக்குச் சண்டை பிடிக்கவில்லை. நான் அதை, பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே ஷேட்டை மூன்று நாள் போட்டாய், சிக்கனம் என்றேன். உயிருக்கு உயிராக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையை முன்வீட்டுப் பெடியனிடம் கொடுத்துவிட்டாய், என்ன தாராள மனம் என்று கோயிலில் நாலு பேருக்குச் சொன்னேன். திருத்தும் தாளுக்குக் கோடு அடித்துத் தந்ததும், எந்த விடைக்கு எத்தனை என்று எனக்கு வாசித்துக் காட்டியதும் நீதான். அந்த அட்டவணை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கிழமை கிடந்தது. பூச்சியம் எடுப்பது எப்படி என்று அந்தப் பாடசாலையிலேயே முழுதாகத் தெரிந்த பிள்ளை நீ ஒருத்தன்தான்.

நீ கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். எனக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தேன், கட்லட் பொரித்துக் கோப்பையோடு கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் வந்தது அந்தக் காணி உறுதித் தமிழ். "கடந்த இரண்டு கிழமையில் ஈடுபாடு குன்றியதாக உணர்ந்தாயா, மகன்?" நீ திரும்பாமலே, "அம்மா, எனக்கு மார்க்கிங் ஸ்கீம் தெரியும்" என்றாய். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது, உனக்கும் முதுகு குலுங்கியது. சிரித்து முடிந்த பிறகும் உன் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. "அந்த எண்ணம் வாறதா?" என்று கேட்டேன். "எந்த எண்ணம்?" என்றாய், எல்லாப் பிள்ளைகளும் கேட்ட மாதிரியே. நானே அழித்த சொல்லை நானே தேடி எடுக்க வேண்டி வந்தது. தாளில் இருந்த பெரிய சொல் வாயில் வரவில்லை. "சாகவேணும் எண்டு நினைக்கிறியா, ராசா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வசனத்தை நான் சொன்னதில்லை.

நீ சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஓம் அம்மா" என்றாய். "ஒவ்வொரு நாளும், நாளைக்கு எழும்பாட்டி நல்லம் எண்டு நினைச்சுத்தான் படுக்கிறனான்."

அதற்கு நான் சொன்ன முதல் சொல் உனக்கு நினைவிருக்கிறதா? இல்லையென்று நடிக்காதே, மகன். இந்தக் கடிதம் முழுவதும் அதற்காகத்தான். உன்னைக் கட்டிப் பிடிக்கவில்லை, உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "ஆருக்கும் சொன்னியா?" என்று கேட்டேன். உன்னைக் காப்பாற்ற யாராவது இருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டதா என்றுதான் கேட்டேன். நீயும் சரியாகவே விளங்கிக்கொண்டாய். "இல்லை அம்மா. அதுதான் பூச்சியம் போட்டனான். நீங்கள் இதுக்கு டீச்சர் எல்லே" என்றாய். என் மரியாதை கெட்டுவிடும் என்று, சாவை மனதில் வைத்துக்கொண்டு நீ எனக்காகப் பொய் எழுதியிருந்தாய். ஒன்பது வருடமாக நான் இதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ நன்றாக நடந்துகொண்டேன், அன்று உன்னைத் தனியே விடவில்லை, ஆறிப்போன கட்லட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து உன்னோடு சேர்ந்து சாப்பிட்டேன், மறுநாள் விடிந்ததும் அதே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் கேட்டதை உன்னிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

உன் அப்பா என்னைவிட நல்லவர். நான் சொன்னதும் ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் கதிரையைத் தூக்கிக்கொண்டு உன் அறைக்குள் போய்ப் பேப்பரை உரத்து வாசிக்கத் தொடங்கினார். தினமும் வேலையால் வந்து அதுதான் வேலை. டெண்டர் அறிவித்தல், மரண அறிவித்தல், இன்ன கப்பல் இன்ன நாள் வருகிறது என்று ஒன்றும் விடாமல். மருந்தும் கிளினிக்கும் ஒரு பக்கம், அவருடைய வாசிப்பு ஒரு பக்கம். எத்தனையோ கிழமைக்குப் பிறகு ஒருநாள் நீ, "அப்பா, அந்த ஸ்போட்ஸ் பக்கத்தையும் ஒருக்கா வாசியுங்கோவன்" என்றாய். அந்த மனிதர் குசினிக்கு ஓடி வந்து, "ஸ்போட்ஸ் கேக்கிறான், ஸ்போட்ஸ் கேக்கிறான்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்தது. அன்று நாம் மூன்று பேரும் தீய்ந்த சோறு சாப்பிட்டோம், ஒருவரும் குறை சொல்லவில்லை.

பாடசாலையிலும் ஒன்று நடந்தது, அது உனக்குத் தெரியாது. நான் பிரின்சிபலிடம் போய், கடைசிக் கேள்வியில் அந்தச் சொல்லைத் திரும்பப் போட வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். உன் அனுமதி இல்லாமல் உன்னைப் பற்றிச் சொன்னேன், அதற்கும் மன்னித்துக்கொள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "எழுதுங்கோ டீச்சர். குண்டு போடுதலுக்குப் பேரை மாத்தினனான்தான், குண்டு நிண்டிட்டுதே?" என்றார். மறுபடி தாள் கொடுத்தோம், இந்த முறை சிவப்புப் பேனை இல்லை, அலுமாரிக்குப் பூட்டு உண்டு. காதலும் கனடாவும் காணாமல் போயின. உண்மையாகவே சொல்ல வேண்டியிருந்த பிள்ளைகள் சொன்னார்கள். முதல் தரம் இருபத்தொன்று எடுத்த பெடியனும் அவர்களில் ஒருவன். அவனுடைய தகப்பன் கேக் பங்கிட்ட கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், மட்டக்குளியில் இருக்கிறான், காணும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் கொழுத்திருக்கிறான்.

இனி புத்திமதி, தாய் எழுதும் கடிதத்தில் அது இல்லாவிட்டால் நீயே ஏமாந்து போவாய். நீ போவது வெள்ளவத்தைக்கு, ஆனால் உன் மூஞ்சையைப் பார்த்தால் வட துருவத்துக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறது. இடையில் இருக்கும் செக் பொயின்ற்களைக் கணக்கெடுத்தால் தூரம்தான், ஒத்துக்கொள்கிறேன். அங்கே மீன் கறிக்குப் பால் கூட விடுவார்கள், வாயை மூடிக்கொண்டு சாப்பிடு. தேங்காய் துருவுவது ஆண்பிள்ளைக்குக் குறைச்சல் இல்லை, உன் அப்பா துருவியவர். இவற்றையெல்லாம் நீ மறந்தாலும் பரவாயில்லை. ஒன்றை மறக்காதே. அந்தப் பிள்ளை ஒருநாள் உன் முகத்தைப் பார்த்து, "ஏன் ஒரு மாதிரி இருக்கிறீங்கள்?" என்று கேட்பாள். "ஒண்டுமில்லை" என்று உன் வாய் தானாகச் சொல்லும். அந்த ஒண்டுமில்லைதான் நீ போடும் பூச்சியம். எப்போதாவது என்றால் எப்போதாவது என்று சொல், அடிக்கடி என்றால் அடிக்கடி என்று சொல். அது திரும்பவும் வரலாம் என்று டொக்டர் சொன்னதை நீ மறக்கவில்லை, எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முதலே சொல்லிவிடு என்பது என் விருப்பம். பயந்து ஓடிவிடுவாளோ என்று யோசிக்காதே, அவளுடைய கால் குட்டை, அதிக தூரம் ஓட முடியாது. அவள் ஓடவும் மாட்டாள். போன ஞாயிறு எல்லோரும் கைதட்டியபோது அவள் மட்டும் கைதட்டாமல் குசினி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் எழுதிவிட்டு நான் சும்மா இருந்தால் அது நேர்மை இல்லை. உன் அப்பா கண்ணை மூடி இரண்டு வருடம். கல்யாண நாள் குறித்ததிலிருந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் விடியப்புறமே விழித்துக்கொண்டு, எதற்காக எழும்ப வேண்டும் என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். சமைக்கிறேன், ருசி தெரியவில்லை. நாலு பேர் முன்னால் பகிடி விடுகிறேன், வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அழுகிறேன். உனக்கு அது கேட்கக் கூடாது என்று ரேடியோவைக் கூட்டி வைக்கிறேன். நேற்றுப் பின்னேரம் அந்தக் கேள்வித்தாளில் ஒன்றை எடுத்து எனக்கு நானே நிரப்பினேன். கடைசிக் கேள்விக்கு "ஒருபோதும் இல்லை"தான், பயப்படாதே, அது உண்மை. மற்றவற்றில் ஒன்றுக்கும் பூச்சியம் போட என்னால் முடியவில்லை. மொத்தத்தைக் கேட்காதே, கேக் கொடுக்கலாம்.

டொக்டர் பென்ஷன் எடுத்துவிட்டார், மருதானையில் கிழமைக்கு இரண்டு நாள் ஆட்களைப் பார்க்கிறார். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்கு நேரம் எடுத்திருக்கிறேன். எத்தனையோ தாய்மாருக்கு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொன்னவள் நான். எனக்கு இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்யாண வேலைக்கு லீவை மிச்சம் பிடிக்கிறாய் என்று தெரியும். இருந்தாலும் புதன்கிழமை லீவு போட்டுவிட்டு என்னோடு வா, மகன். எனக்குத் தனியே போக விருப்பமில்லை.

அம்மா